நாலாயிரம் ஆன்டெனாவும் ஒரு கெட்ட வார்த்தையும்

“என்னை இதுவரைக்கும் நாற்பத்தொரு அறையில வெச்சுப் பூட்டியிருக்காங்க, வக்கீலம்மா. ஒரு கதவையும் நான் உடைச்சதில்லை. தட்டினதுகூட இல்லை. நாற்பத்தொரு தடவையும் பூட்டினவனே மூச்சிரைக்க ஓடி வந்து திறந்துவிட்டான். அதுல ரெண்டு பேர் லேட்டாயிடுச்சுன்னு மன்னிப்பு வேற கேட்டாங்க.”

துப்பறிவாளர் இதைச் சொன்னபோது மணி மூன்று பத்து. சொன்ன இடம், ஜன்னல் இல்லாத ஓர் இரும்பு அறை. வெளியே தாழ்ப்பாள் விழுந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. மனிதர் அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நிதானமாக நின்றார்.

கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்த வக்கீல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாகக் குறுக்கு விசாரணை செய்கிறவள். எவன் பேச்சிலும் பொய் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டிவிடுவாள். இவர் பேச்சில் நிஜம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

“நாற்பத்தொண்ணுல முப்பத்தெட்டு இவரு வீட்டுக் குளியலறைங்க,” என்றார் அறையிலிருந்த மூன்றாவது ஆள். “பூட்டினது எங்க சம்பந்தியம்மா.”

அவர்தான் உதவியாளர். துப்பறிவாளரின் மகள் இவர் வீட்டு மருமகள். அதனால் துப்பறிவாளர் இவரைச் சம்பந்தி என்பார். இவர் துப்பறிவாளரைத் தலைவரே என்பார். உலகத்தில் பையனைப் பெற்றவர்கள் எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்து மரியாதை வாங்கிக்கொண்டிருக்க, பையனைப் பெற்றும் டார்ச் பிடிக்கிற தலையெழுத்து தனக்கு ஒருவனுக்குத்தான் என்று நாளைக்கு ஏழு தடவை சொல்லிக்காட்டுவார். இன்று அவருடைய இடது கன்னம் பளிங்கு மாதிரியும், வலது கன்னம் நாலு நாள் தாடியோடும் இருந்தது. அந்தத் தாடிக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பு உண்டு.

வக்கீல் கதவைத் தோளால் ஒரு மோது மோதிப் பார்த்தாள். ஒரு காலத்தில் பழங்களைக் குளிரில் வைப்பதற்காகக் கட்டிய கிடங்கு இது. ஒரு சாண் கனத்தில் கதவு. உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஓட்டைதான் இருந்தது. யானை வந்து முட்டினாலும் தலைவலி யானைக்குத்தான். போனை எடுத்தாள். கையை உயர்த்திப் பார்த்தாள், மூலைக்குப் போய்ப் பார்த்தாள், ஸ்டூல்மேல் ஏறி நின்றும் பார்த்தாள். ஒரு புள்ளி சிக்னல் இல்லை.

அவளைச் சுற்றித் தரையிலிருந்து கூரை வரை இரும்பு அடுக்குகள். அவற்றில் வரிசை வரிசையாக ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைத் தகடு, நெற்றியில் ஒட்டிய நம்பர். ஒன்றிலிருந்து நாலாயிரம் வரை. அவளுடைய தம்பியின் தொழிலும் அவளுடைய கறுப்புக் கோட்டும் இந்த நாலாயிரத்தைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கின.

தம்பியின் கம்பெனி சின்னக் கம்பெனி. காற்றில் இலவசமாக வருகிற டிவி நிகழ்ச்சிகளைப் பிடித்து, இணையம் வழியாகச் சந்தாதாரரின் கைபேசிக்கு அனுப்புவது அதன் வேலை. ஒருவன் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டு டிவி பார்த்தால் யாரும் ஏனென்று கேட்க முடியாது. மாடி இல்லாதவனுக்கு நான் இடம் கொடுக்கிறேன், ஆளுக்கு ஓர் ஆன்டெனா, அவனவனுடையது அவனவனுக்கு என்பது தம்பியின் கட்சி. அதெல்லாம் கண்துடைப்பு, எங்கள் நிகழ்ச்சியை எங்களைக் கேட்காமல் ஊருக்கே ஒளிபரப்புகிறான் என்பது வழக்குப் போட்ட டிவி நிலையத்தின் கட்சி. நீதிபதி இரண்டையும் கேட்டுவிட்டு நடுவில் ஒரு கோடு கிழித்தார். ஆளுக்கு ஒன்று என்றால் அது தனி மனிதன் டிவி பார்ப்பது, தப்பில்லை. ஒன்றிலிருந்து எல்லாருக்கும் என்றால் அது ஒளிபரப்பு, நிலையத்தின் அனுமதி வேண்டும்.

போன மாதம் அவள் நீதிமன்றத்தில் ஒரு சான்று கொடுத்தாள். ‘நான் நேரில் பார்த்தேன். நாலாயிரம் ஆன்டெனா இருக்கின்றன. நாலாயிரமும் வேலை செய்கின்றன.’ கீழே கையெழுத்து, முத்திரை. அதைச் சரிபார்க்க நீதிமன்றம் நியமித்த ஆணையர் இன்று மாலை ஐந்து மணிக்கு இங்கே வருகிறார். சான்று பொய் என்று தெரிந்தால் தம்பியின் கம்பெனி அன்றோடு சரி. அவளோ, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சும்மா ஒரு நிம்மதிக்காக மூன்று நாளுக்கு முன் துப்பறிவாளரை அமர்த்தியிருந்தாள். மூன்று நாள் ஊரெல்லாம் சுற்றி அவர் கொண்டுவந்த தடயம் ஒன்றே ஒன்று. அது ஒரு கெட்ட வார்த்தை.

இன்று காலை சம்பந்தி சலூனில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் டிவி, அதற்கு ஜன்னலில் கட்டிய ஆன்டெனா. பாட்டுப் போட்டி நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் காத்திருந்த ஒருவர் அதே போட்டியைத் தம்பி கம்பெனியின் ஆப் வழியாகப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்திக்கு இடது கன்னம் முடிந்த நேரம், மேடையில் மைக் கம்பம் சாய்ந்து ஒரு நடுவரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. நடுவர் ஒன்று சொன்னார். டிவியில் அது ‘பீப்’ என்று கேட்டது. போனிலோ அந்த வார்த்தை தன் தாயார், பாட்டி, மூன்று தலைமுறைச் சுற்றத்தோடு முழுசாக வந்து இறங்கியது. போன்காரர் பெஞ்சிலிருந்து விழுந்து சிரித்தார். என்ன என்ன என்று கேட்ட சலூன்காரரிடம் அதைத் திருப்பிச் சொன்னார். அந்த நடுவரைத் தெய்வமாக நினைக்கிற சலூன்காரர், அப்படி ஒரு வார்த்தை டிவியில் வரவே இல்லை, நீயாகக் கட்டிவிடுகிறாய் என்று சண்டைக்குப் போனார். சவரக்கத்தி கையிலேயே இருந்தது. அது காற்றில் போட்ட வட்டங்களுக்கு நடுவே குனிந்து, பாதி முகத்தோடு தப்பி வந்தார் சம்பந்தி. விசாரித்தவர்களில், காலையில் ஆப்பில் பார்த்த பதினோரு பேரும் வார்த்தையைக் கேட்டிருந்தார்கள். டிவியில் பார்த்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒரு வசவை வைத்துக்கொண்டு வழக்கைத் தீர்க்கப் போகிறீர்களா என்று வக்கீல் கேட்டதற்கு, அந்த வார்த்தை எந்த வழியாக நடந்து வந்தது என்று ஆன்டெனா அறையைப் பார்த்தால்தான் தெரியும் என்றார் துப்பறிவாளர். ஆணையரை அழைத்துவரத் தம்பி போயிருந்த நேரம் பார்த்து, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து இருவரையும் உள்ளே விட்டாள். சாவியைக் கதவிலேயே விட்டாள். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாத்தும் முன் இடுக்கில் ஷூ போட்ட ஒரு கால் மட்டும் தெரிந்தது.

இந்த அறைக்கு வருகிற பழக்கம் உள்ளவன் ஒருவன்தான். அவளுடைய தம்பி. இரும்புச் சுவரைவிட அந்த நினைப்புதான் நாலு பக்கமும் நெருக்கியது.

ஐந்து மணிக்கு ஆணையர் கதவைத் திறப்பார். சோதனை போட வேண்டிய அறைக்குள் எதிர்த்தரப்பைக் கேட்காமல் வக்கீல் ஒரு துப்பறிவாளரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார். சாட்சியத்தில் கைவைத்தாள் என்று எழுதுவார். அவளே ஆணையராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பாள்.

“போன் எடுக்குதா?” என்றார் துப்பறிவாளர்.

சுற்றிலும் இரும்பு, எப்படி எடுக்கும் என்றாள்.

“உங்க போனுக்கே காது கேட்காத அறையில, இந்த நாலாயிரம் பேருக்கு மட்டும் டிவி டவர் பேசுறது எப்படிங்க கேட்குது?”

 டிவி சிக்னல் வேறு, போன் சிக்னல் வேறு, அது இரும்பிலும் புகுந்து வருமாக இருக்கும் என்று ஒரு வாதத்தை எடுத்துவைத்தாள். நீதிமன்றத்தில் எதிர் வக்கீல் இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். துப்பறிவாளர் இருக்கலாம், இருக்கலாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அவர் மறுத்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

சம்பந்தி டார்ச்சை அடுக்குகள்மேல் ஓட்டினார். டவர் இருப்பது கட்டடத்துக்குப் பின்பக்கம். ஆன்டெனாக்கள் எல்லாம் முன்பக்கக் கதவைப் பார்த்து நின்றன.

“டவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குதுங்க தலைவரே. ஆணையர் வந்தா எழுந்து நின்னு கும்பிடுறதுக்கு ஒத்திகை பார்த்த மாதிரி இருக்கு.”

துப்பறிவாளர் தும்மினார். அந்தத் தும்மலில் பத்துப் பதினைந்து ஆன்டெனாக்கள் ஆடின என்றால் மிகையில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாலாயிரம் கருவி ராப்பகலாக ஓடுகிற அறை அடுப்படி மாதிரி கொதிக்க வேண்டும், இங்கே குளிரூட்டும் இயந்திரம்கூட இல்லை, ஆனால் எனக்கு ஜலதோஷம் பிடிக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு ஒவ்வோர் ஆன்டெனாவிலிருந்தும் மெல்லிசாக இறங்குகிற ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துவரச் சொல்லிச் சம்பந்தியை அடுக்குக்குக் கீழே அனுப்பினார்.

சம்பந்தி தவழ்ந்து போனார். இந்த வயதில் பேரனோடு தவழ வேண்டியவன் என்று கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் குரலும் நின்றது. திரும்பி வந்தபோது தலையில் ஒட்டடை, கையில் ஒரு கத்தை ஒயர். கத்தையின் நுனியைத் தூக்கிக் காட்டினார். நாலாயிரம் ஒயரும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னி, முடிவில் ஒரு பிளாஸ்டிக் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

“ரிப்பன் ஒண்ணுதான் பாக்கி,” என்றார். “கட்டிவிட்டா பள்ளிக்கூடம் போயிடும்.”

வக்கீல் அந்த ஒயர்க் கத்தையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போன மாதம் இதே அறையில் நாலு மணி நேரம் நின்று, பென்சிலால் புள்ளி வைத்து, நாலாயிரத்தையும் எண்ணியிருந்தாள். ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. வேறு எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்திருப்பாள். தம்பி காட்டியதை எந்த அக்கா புரட்டிப் பார்ப்பாள்?

அவள் அதை அப்படியே சொல்லவில்லை. எங்காவது நிஜமான ஒயர் வேறு இருக்கும், சந்தாதாரர்களுக்குப் படம் போய்க்கொண்டுதானே இருக்கிறது என்றாள்.

“அதைத்தான் நானும் கேட்கிறேன்,” என்றார் துப்பறிவாளர். “சம்பந்தி, நீங்க ஏன் வந்ததிலேர்ந்து அந்த மூலையையே சுத்தி வர்றீங்க?”

“அங்கதான் தலைவரே கதகதப்பா இருக்கு.”

மூவரும் அந்த மூலைக்குப் போனார்கள். மூன்றாவது அடுக்கின் அடியில், பழைய பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துவைத்திருந்தார்கள். சம்பந்தி இத்தனை நேரம் அதில்தான் விட்டு விட்டு உட்கார்ந்து எழுந்திருந்தார். கூடையைத் தூக்கினால் உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி. தொட்டால் சுட்டது. பச்சை விளக்கு கண் சிமிட்டியது. சுவரின் ஓட்டை வழியாக விரல் கனத்தில் ஒரே ஒரு கேபிள் வந்து அதில் செருகியிருந்தது.

துப்பறிவாளர் கேபிளைச் சுட்டிக்காட்டினார், தொடவில்லை. மூன்றரைக்குப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று ஆரம்பித்திருக்கும், சந்தாதாரர் அத்தனை பேரும் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்றார். உங்கள் சான்று உண்மை என்றால் இதைப் பிடுங்கினால் ஒரே ஒரு வீட்டில் படம் நிற்கும், நான் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன். பொய் என்றால் நாலாயிரம் வீட்டிலும் நிற்கும்.

“நீங்களே பிடுங்குங்க,” என்றாள் அவள்.

“நான் எதுக்குங்க? நான் எங்கேயும் கையெழுத்துப் போடலியே.”

வக்கீல் கோட்டைச் சம்பந்தியின் கையில் கொடுத்தாள். மண்டியிட்டாள். ஒரே ஒரு வீடாக இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கேபிளை இழுத்தாள். பச்சை விளக்கு அணைந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அந்த அறையின் கொடுமை. வெளியே உலகம் இடிந்து விழுந்தாலும் உள்ளே ஒரு சத்தம் கேட்காது. சம்பந்தி வாட்சைப் பார்த்து நிமிடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான்காவது நிமிடத்தில் அவள் கேபிளை மறுபடி செருகிவிடலாமா என்று பார்த்தாள். ஏழாவது நிமிடத்தில் காற்று குறைகிற மாதிரி இருந்தது. ஓடி வந்து திறக்கிறவன் யாராக இருந்தாலும் அவன் தன் தம்பியாக இருக்கக் கூடாது என்பது தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. சின்ன வயதில் அவனை இருட்டில் விட்டுவிட்டு அவள் ஒரு நாளும் கதவைச் சாத்தியதில்லை.

வெளியே நடந்தது பிற்பாடு தெரியவந்தது. கம்பெனியின் மூன்று தொலைபேசிகளும் ஒரே சமயத்தில் அடித்த அடியில் ஒன்று மேஜையிலிருந்து நகர்ந்து தானாகக் கீழே குதித்ததாம். எதிர்த் தெருவில் ஒருவர் போனை மாடியிலிருந்து வீசியெறிய, அது கீழே நின்ற பால் வண்டியின் திறந்த கேனில் விழுந்து, கடைசி மூச்சு வரை ‘மன்னிக்கவும், படம் தடைபட்டுள்ளது’ என்று காட்டியதாம். ஒரு மாமியாரும் மருமகளும் பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஒரே கட்சியில் நின்று கம்பெனியைத் திட்டினார்களாம்.

ஒன்பதாவது நிமிடம் தாழ்ப்பாள் இழுபட்டது.

கதவு திறந்த வேகத்தில் ஓர் ஆள் உள்ளே பாய்ந்தான். கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது. அங்கே மூன்று பேர் நிற்பதை அவன் பார்த்ததாகவே தெரியவில்லை. இடப்பக்கம் திரும்பவில்லை, வலப்பக்கம் திரும்பவில்லை. சுற்றி நாலாயிரம் ஆன்டெனா இருக்க, ஒன்றையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேரே மூன்றாவது அடுக்குக்குப் போய்க் குனிந்தான். துப்பறிவாளர் மரியாதையாக வழிவிட்டார். அவன் கேபிளைச் செருகினான். பச்சை விளக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, பின்னால் நின்ற சம்பந்தியின் காலை மிதித்துவிட்டு, மன்னிச்சுக்குங்க என்றான்.

அவள் தம்பி இல்லை. வக்கீலுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர், அவன் சட்டைப் பையிலிருந்து வெளியே தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் மறுபடி தொண்டையில் நின்றது. அட்டையில் மூன்று நீல வளையம் போட்ட முத்திரை. ஆறு மாதமாக வழக்கு மனுவின் ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடமான முத்திரை. வழக்குப் போட்ட டிவி நிலையத்தின் ஆள் அவன்.

“இதோ வந்துடுச்சு உங்க கெட்ட வார்த்தை,” என்றார் சம்பந்தி.

துப்பறிவாளர் கூடையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு விளக்கினார். நேரடி நிகழ்ச்சியை டிவி நிலையம் உடனே டவருக்கு அனுப்புவதில்லை. ஏழு விநாடி பிடித்து வைத்திருக்கும். யாராவது வாய்தவறினால் பீப் போட ஓர் ஆள் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருப்பான். அதற்குப் பிறகுதான் டவர்.

“அந்த வார்த்தை டவருக்கே போகலைங்க. டவருக்குப் போகாததை எந்த ஆன்டெனா பிடிக்கும்? பீப்புக்கு முன்னாடி, நிலையத்துக்கு உள்ளேயிருந்தே ஒருத்தன் கம்பி இழுத்துக் கொடுத்தாத்தான் உண்டு. உங்க தம்பிகிட்ட நாலாயிரம் ஆன்டெனா ஓடலைன்னு மட்டும் நான் சந்தேகப்படலைங்க. ஒண்ணுகூட ஓடலைன்னு சம்பந்தி சலூன் கதையைச் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு.”

பிறகு கழுத்துப்பட்டைக்காரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வழக்குப் போட்டவர்களே கம்பியும் கொடுப்பார்களா?

அவன் நிலையத்தில் விளம்பரம் விற்கிற பிரிவின் அதிகாரி. இணையத்தில் பார்க்கிறவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டினால் விளம்பரதாரர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். அதனால் அவன்தான் தம்பியைத் தேடி வந்து கம்பி கொடுத்தான். இன்று ஆணையர் வருவதற்குள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போக வந்தவன், உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துப் பயந்து தாழ் போட்டுவிட்டு, அலுவலக அறையில் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் பாட்டுப் போட்டியை வாங்கியிருந்த விளம்பரதாரரிடமிருந்து போன் வந்தது. இணையத்தில் பார்க்கிறவர்கள் ஏன் திடீரென்று பூஜ்யம்?

“வழக்குப் போட்டது எங்க சட்டப் பிரிவுங்க, மூணாவது மாடி,” என்றான். “நான் ரெண்டாவது மாடி. நாங்க பேசிக்கிறதில்லை.”

தம்பி வந்து சேர்ந்தான். ஆணையர் சொன்ன நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட, அவர் கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் போனில் சந்தாதாரர்களின் ஏச்சைக் கேட்டுக் கேட்டுத் தம்பியின் காது சிவந்திருந்தது. திறந்த கதவு, கவிழ்ந்த கூடை, அக்காவின் கையில் ஒயர்க் கத்தை எல்லாம் ஒரு பார்வையில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, உன்னைப் பூட்டினது நான் இல்லை.”

“தெரியும்டா,” என்றாள். “அது ஒண்ணுதான் நீ இல்லை.”

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். ஆரம்பத்தில் நிஜமாகவே மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்தானாம். இருநூறு வரை வேலை செய்தது. அதற்கே கருவிகளின் சூட்டில் ஓடு பழுத்து, வாடகைக்கு விட்டவர் மாடியைப் பூட்டிவிட்டார். “ஆளுக்கு ஒண்ணு வெச்சா சட்டம் சரிங்குது, தொழில் நடக்கலை. எல்லாருக்கும் ஒண்ணு வெச்சா தொழில் நடக்குது, சட்டம் விடலை. நான் நடுவுல மாட்டிக்கிட்டேன்க்கா.”

அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

அடுத்த பத்து நிமிடம் அவள் வாழ்க்கையில் கேட்டிராத ஒரு வாதத்தைக் கேட்டாள். வாதியின் ஆளும் பிரதிவாதியும் ஒன்றாக நின்று, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொடுத்து, அவளைக் கெஞ்சினார்கள். கூடையைப் பெட்டிமேல் பழையபடி கவிழ்த்துவிடலாம். ஆணையர் வருவார், எண்ணுவார், நாலாயிரம் சரியாக இருக்கும், போய்விடுவார். அவரும் ஒன்றையும் தொடப்போவதில்லை. நிலையத்துக்கு நஷ்டமில்லை, தம்பிக்கு நஷ்டமில்லை, உங்கள் கோட்டுக்கும் நஷ்டமில்லை. கதவு அகலத் திறந்திருந்தது. ஆனால் தாழ்ப்பாள் போட்டிருந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு மூச்சு முட்டவில்லை.

துப்பறிவாளர் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்தது அன்று அந்த ஒரு பத்து நிமிடம்தான். சம்பந்தி கோட்டை அவளிடம் நீட்டினார்.

ஆணையர் வயதான பெண்மணி. கையில் பெரிய நோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. உள்ளே வந்து அடுக்குகளை நிமிர்ந்து பார்த்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கலாமா என்றார். எண்ண வேண்டாம் என்றாள் வக்கீல். கோட்டை மாட்டிக்கொண்டு, வழக்குக் கட்டிலிருந்து தன் பழைய சான்றை உருவி எடுத்தாள். அதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு வெள்ளைத் தாளில் நின்றபடியே, நடந்ததை ஒன்று விடாமல் எழுதினாள். நாலாயிரத்தையும் எண்ணினேன், ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை, தவறு என்னுடையது. இன்று ஒரே ஒரு கேபிளைப் பிடுங்கினேன், எல்லா வீட்டிலும் படம் நின்றது. அந்தக் கேபிள் வழக்குப் போட்ட நிலையத்துக்குள்ளிருந்தே வருகிறது, கொடுத்தவர் இங்கேயே நிற்கிறார். அனுமதி இல்லாமல் ஒளிபரப்பினான் என்ற குற்றச்சாட்டு இனி எப்படி நிற்கும் என்பதையும், என் கட்சிக்காரரை என்ன செய்வது, என்னை என்ன செய்வது என்பதையும் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆணையர் தாளை வாங்கி வாசித்தார். நடுவில் ஓர் இடத்தில் நின்றார். கண்ணாடிக்கு மேலாகத் துப்பறிவாளரைப் பார்த்தார், சம்பந்தியின் பாதி முகத்தைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்த கழுத்துப்பட்டைக்காரனைப் பார்த்தார்.

“உங்களை உள்ளே வெச்சுப் பூட்டினவரே ஓடி வந்து திறந்துவிட்டு, மன்னிப்பும் கேட்டார்னு எழுதியிருக்கீங்க. இதை நான் நம்பணுமா?”

வக்கீல் பேனாவைத் திறந்து, தாளின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். போன மாதம் போட்டதைவிட மெதுவாகப் போட்டாள்.

“நானும் நம்பலைங்க,” என்றாள். “ஆனா நடந்துச்சு.”